திரையில் வரும் தாதியிடம் மகள் போகலாமா?

 

இம்மாதம் இந்தப் பக்கத்தை ஒரே ஒரு கடிதத்துக்காக ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர் ஓர் உம்மா. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மகள் நிகாஹ் முடித்து நியூயோர்க் போய்ச் சில வருடங்களாகின்றன. இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழு கிழமை. முன்பெல்லாம் போன் எடுத்தால் சிரித்துச் சிரித்துக் கதைக்கும் பிள்ளை, இப்போது கெமராவை மூடிவிட்டுப் பேசுகிறாளாம். குழந்தை உறங்கினாலும் அவளுக்கு உறக்கம் இல்லை. சாப்பாடு இறங்குவதில்லை. "இந்தப் பிள்ளைக்கு என்னைவிட நல்ல உம்மா கிடைத்திருக்க வேணும்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

குழந்தையை ஊசிக்குக் கொண்டு போன இடத்தில், தாயிடமும் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்த டொக்டர், மகளுக்கு மனநல வைத்தியம் தேவை என்று சொல்லிவிட்டார். மனநல டொக்டரைச் சந்திக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். ஆனால், மனநலத்தில் படித்த 'நேர்ஸ் ப்ரக்டிஷனர்' ஒருவர் அடுத்த கிழமையே ஒன்லைனில், அதாவது வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில், பார்க்கத் தயாராக இருக்கிறார்.

உம்மாவின் கேள்விகள் மூன்று. ஒன்று: இது ஈமான் குறைவால் வந்ததா? ஓதிப் பார்த்தால் போதாதா? இரண்டு: டொக்டர் இல்லாமல் ஒரு நேர்ஸ் எப்படி மூளைக்கு மருந்து கொடுப்பார்? மூன்று: நாடி பிடித்துப் பார்க்காமல் திரையில் பார்த்துச் செய்யும் வைத்தியம் வைத்தியமா?

இக்கேள்விகள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவையல்ல. நம் பிள்ளைகள் இன்று லண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பேர்னிலும் பிள்ளை பெறுகிறார்கள். உம்மா பக்கத்தில் இல்லாத பேறுகள் அவை. ஆகவே எல்லோருமாகச் சேர்ந்து வாசிப்போம்.

இது என்ன நோய்?

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவதை நம் மூத்தம்மாமார் நன்றாக அறிவார்கள். அது பெரும்பாலான தாய்மாருக்கு வரும். இரண்டு கிழமைக்குள் தானாகவே போய்விடும். அதற்கு மருந்து தேவையில்லை. உறக்கமும் உணவும் ஆறுதலும் போதும்.

இரண்டு கிழமை கடந்தும் அழுகை நிற்காமல், உறக்கம் கெட்டு, பசி கெட்டு, பிள்ளையின் மீது மனம் ஒட்டாமல், 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் பிடித்துக்கொண்டால் அது வேறு. அதைப் பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரில் சுமார் 13 வீதமானோர் ஏதோவொரு மனநலக் கோளாறுக்கு ஆளாகிறார்கள். அதில் முதலிடம் மனச்சோர்வுக்கே. நூறு பேறு வீடுகளில் பதின்மூன்று வீடுகள் என்றால், நம் ஒவ்வொருவரின் குடும்பத்திலும் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். நாம்தான் பெயர் சொல்லாமல் மூடி வைத்திருக்கிறோம்.

மகளுக்குக் கொடுத்த அந்தப் பத்துக் கேள்வித் தாளும் சாதாரணமானதல்ல. 1987ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் டொக்டர் ஜோன் கொக்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. எடின்பரோ அளவுகோல் என்பார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, உறக்கம் வந்ததா, தன்னைத்தானே குறை சொன்னாயா என்றெல்லாம் கேட்கும். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்ய நினைத்தாயா என்பது. முழுப் புள்ளி 30. புள்ளி கூடினால் நோய் இருக்கலாம், ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று பொருள். தாள் நோயைத் தீர்மானிப்பதில்லை. ஆளைத் தேடிப் பிடித்துத் தருகிறது.

ஈமான் குறைவா?

சூரா மர்யமை ஓதாத வீடு நம்மில் இல்லை. ஆனால் அதன் பொருளை இந்த இடத்தில் வைத்துச் சிந்தித்தோமா? உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மர்யம் (அலை) அவர்கள், பேற்று வேதனையில் ஈத்த மரத்தடியில் தனியே இருந்தபோது, இதற்கு முன்பே தான் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதை அல்லாஹ் மறைக்காமல் சொல்லிக் காட்டுகிறான். அதற்காக அவர்கள் கண்டிக்கப்பட்டார்களா? இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், பழுத்த ஈத்தம் பழமும் அல்லவா கிடைத்தன! ஆறுதல், தண்ணீர், உணவு. பேற்றுத் துயரில் இருப்பவளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது எது என்பதை நாம் அங்கிருந்து படிக்கலாம்.

யஃகூப் (அலை) அவர்கள் மகனை இழந்த துக்கத்தில் கண்பார்வையே மங்கும் அளவுக்குத் துயருற்றார்கள். நபியவர்களுக்கு ஈமான் குறைந்தது என்று சொல்ல எவருக்கும் நா எழுமா? துக்கம் வேறு, நிராசை வேறு. மனச்சோர்வு என்னும் நோய் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது. காய்ச்சலைப் போல உடம்பின் மாற்றங்களோடு சேர்ந்து வருவது.

இதை மேல்நாட்டார்தான் கண்டுபிடித்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்ஹீ என்ற முஸ்லிம் அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். காரணம் தெரிந்த கவலை என்றும், காரணம் தெரியாமல் வரும் கவலை என்றும் இரண்டாகப் பிரித்தார். முதலாவதற்குப் பேச்சும் ஆறுதலும். இரண்டாவது உடம்பிலிருந்து எழுவதால் அதற்கு உடம்புக்கான வைத்தியமும் வேண்டும் என்றார். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னர் நம்மவர் எழுதியதை இன்று நம் வீடுகளில் ஏற்க மறுக்கிறோம்.

ஓதலாமா என்று கேட்டால், தாராளமாக ஓதுங்கள். துஆவும் ஷிஃபாவுக்கான ஓதலும் நபிவழியில் உள்ளவையே. அதே நபி (ஸல்) அவர்கள் மருந்து தேடும்படியும் ஏவியிருக்கிறார்கள். நோயுற்ற தோழரை வைத்தியரிடம் அனுப்பியும் இருக்கிறார்கள். ஓதுகிறோம் என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடுவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. இன்னொன்று: மகள் தொழுவதில்லை, அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்கிறார்களாம். ஏழு கிழமைத் தாய்க்கு நிபாஸ் தொடரவும் கூடும். ஷாபிஈ மத்ஹபில் அதன் உச்ச எல்லை அறுபது நாள். தொழுகை நீக்கப்பட்டிருக்கும் காலத்தில் தொழவில்லை என்று குற்றம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

அந்தத் தாதி யார்?

நம் நாட்டில் நேர்ஸ் மருந்துத் துண்டு எழுதுவதில்லை. அதனால் உம்மாவுக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1965ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினார்கள். டொக்டர்கள் போதாத இடங்களில், அனுபவமுள்ள தாதிக்கு மேற்படிப்புக் கொடுத்து, நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் தகுதியாக்குவதே நோக்கம். அப்படி வந்தவர்களே நேர்ஸ் ப்ரக்டிஷனர்கள். லொரெட்டா ஃபோர்ட் 2025 ஜனவரியில் தமது 104ஆவது வயதில் காலமானார். அவர் தொடங்கிய சிறிய வகுப்பு அதற்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது.

மனநலத்துக்குரியவர் இன்னும் ஒரு படி தாண்டி வருகிறார். முதலில் பதிவு பெற்ற தாதியாக வேண்டும். பின்னர் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமோ அதற்கு மேலான பட்டமோ எடுக்க வேண்டும். மேற்பார்வையின் கீழ் குறைந்தது 500 மணித்தியாலம் நோயாளரைப் பார்த்துப் பழக வேண்டும். அதன்பின் தேசிய மட்டப் பரீட்சை. இவற்றையெல்லாம் முடித்தவருக்கே பெயரின் பின்னால் பி.எம்.எச்.என்.பி. என்ற எழுத்துகள் வரும்.

தனியே பார்க்கலாமா, டொக்டர் ஒருவரோடு ஒப்பந்தம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனியே பார்க்க அனுமதிக்கின்றன. டெக்சாஸ் போன்றவை டொக்டரோடு ஒப்பந்தம் கேட்கின்றன. மகள் இருக்கும் நியூயோர்க்கில், 3,600 மணித்தியாலத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர் டொக்டரின் எழுத்து ஒப்பந்தம் இல்லாமலேயே பணியாற்ற 2022 முதல் சட்டம் இடமளிக்கிறது. அனுபவம் அதற்குக் குறைந்தவருக்கு ஒப்பந்தம் வேண்டும்.

அவர் டொக்டருக்குச் சமமா? படித்த வருடங்களில் சமமில்லை. சிக்கலான நோயென்று கண்டால் மனநல டொக்டரிடம் அனுப்புவது அவருடைய கடமை. ஆனால் பேற்றுக்குப் பின் வரும் சாதாரண மனச்சோர்வைக் கண்டறிந்து, முதல் மருந்தைத் தொடங்கி, கிழமைக்குக் கிழமை பார்த்துக்கொள்வது அவருடைய பயிற்சிக்குள் அடங்கியதே. மூன்று மாதம் காத்திருந்து பெரியவரைப் பார்ப்பதைவிட, அடுத்த கிழமை இவரைப் பார்ப்பது மேல்.

'நேர்ஸ்தானே' என்று இலேசாகச் சொல்லாதீர்கள் சகோதரிகளே. ஹிஜ்ரி 5இல் கந்தக் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரு பெண் செய்த தாதிப் பணிக்கு அன்று கிடைத்த இடம் அது.

திரையில் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பு பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் வரை போகும். மகள் அந்த நேரத்தில் எந்த வீட்டில், எந்த விலாசத்தில் இருக்கிறாள், அவசரமென்றால் யாருக்கு அழைப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வார். துருவிப் பார்ப்பதற்காக அல்ல. பேச்சின் நடுவே ஆபத்து என்று கண்டால் உதவி அனுப்புவதற்காக.

பிறகு கேள்விகள். உறக்கம், பசி, முதல் பேற்றில் இப்படி வந்ததா, குடும்பத்தில் எவருக்காவது மனநோய் இருந்ததா, கணவன் எப்படி நடத்துகிறார், என்ன மருந்து எடுக்கிறாள், பால் கொடுக்கிறாளா. எப்போதாவது அளவு கடந்த உற்சாகத்தோடு, உறங்காமலே நாட்கணக்கில் ஓடியாடித் திரிந்தாளா என்றும் கேட்பார். இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். அப்படியான நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். உம்மா அறிந்த குடும்ப வரலாறு ஏதேனும் இருந்தால், இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். 'மாமிக்கு ஒரு காலம் ஒரு மாதிரி இருந்தது' என்று மறைத்துப் பேசும் விடயங்கள்தான் அங்கே மருந்தைத் தீர்மானிக்கும்.

நாடி பிடிக்காமல் எப்படி என்று கேட்டீர்கள். மனநோயில் வைத்தியத்தின் பெரும்பகுதி கேட்பதும் கவனிப்பதுமே. முகம், குரல், பேச்சின் வேகம், குழந்தை அழும்போது தாய் திரும்பும் விதம் எல்லாம் திரையிலும் தெரியும். தெரியாதவையும் உண்டு. பேற்றுக்குப் பின் தைரொயிட் சுரப்பி கெட்டாலும், இரத்தம் குறைந்தாலும் மனச்சோர்வு போலவே காட்டும். அவற்றைத் திரையில் காண முடியாது. நல்ல தாதி, பக்கத்து ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்த்து வரச் சொல்வார். கேட்காவிட்டால் மகளே கேட்க வேண்டும்.

மருந்து வேண்டுமென்றால், அவர் கணினி மூலமாகவே மகளின் வீட்டுக்குப் பக்கத்துப் பார்மசிக்கு அனுப்பிவிடுவார். பால் கொடுக்கும் தாய்மாருக்கு அடிக்கடி எழுதப்படுவது செர்ட்ரலீன். அது பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. மூளையை மயக்கும் மருந்தல்ல. போதைக்கு அடிமையாக்கும் மருந்துமல்ல. ஆனால் பனடோல் போல உடனே கேட்காது. இரண்டு முதல் நான்கு கிழமையில்தான் தெளிவு தெரியும். முழுப் பலன் அதற்குப் பிறகே. முதல் நாட்களில் வயிற்றுப் பிரட்டலோ தலையிடியோ வரலாம். 'பத்து நாள் குடித்தும் பலனில்லை' என்று நிறுத்துவதும், 'இப்போது சுகம்தானே' என்று சட்டென்று விடுவதும் தவறு. நிறுத்தும் காலத்தையும் மருந்து எழுதியவரே சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீங்கள் சரக்குத் தூள், கசாயம் ஏதேனும் தபாலில் அனுப்பினால் அதையும் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். எல்லா மூலிகையும் எல்லா மருந்தோடும் ஒத்துப்போவதில்லை.

மருந்து மட்டுமே வைத்தியம் என்றும் எண்ண வேண்டாம். இலேசான சோர்வுக்கு உளவளத்துணை, அதாவது முறையாகப் பேசித் தேற்றும் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து தேவைப்படுவோரும் உண்டு.

பர்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நேர்ஸ் ப்ரக்டிஷனர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெண் வேண்டும் என்று பதியும்போதே கேட்கலாம். ஆண் ஒருவரே கிடைத்தாலும், வைத்தியத் தேவைக்கு மார்க்கத்தில் இடமுண்டு. திரையில் பேசுவது ஓரறையில் தனித்திருப்பதும் ஆகாது. கணவரோ மாமியோ பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தால் மகள் உண்மையைச் சொல்ல மாட்டாள். அந்த ஒரு மணித்தியாலம் அறையை அவளுக்கு விடுங்கள். பிள்ளைகளைக் கணவர் பார்க்கட்டும்.

ஆங்கிலத்தில் மனதைச் சொல்ல முடியவில்லையா? அரசாங்கப் பணம் பெறும் வைத்தியசாலைகளும் கிளினிக்குகளும் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தமிழ் வேண்டும், பெண் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். கணவரையோ மூத்த பிள்ளையையோ மொழிபெயர்க்க வைப்பது கூடாது.

எதைச் சரிபார்க்க வேண்டும்?

சந்தையில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது திரை வைத்தியம் திடீரெனப் பெருகியது. அதோடு பணமே குறியான கம்பனிகளும் வந்தன. கவனக்குறைபாட்டு நோய்க்கான ஊக்க மருந்துகளை ஒன்லைனில் முறைகேடாக எழுதிக் கொடுக்க வைத்ததாக, ஒரு கம்பனியின் ஸ்தாபகரை அமெரிக்க அரசு 2024 ஜூனில் கைது செய்தது. ஒன்லைனில் உளவளத்துணை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், தன்னிடம் வந்தவர்களின் தகவல்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் முதலியவற்றுக்குக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், 2023இல் 78 இலட்சம் டொலர் செலுத்த இணங்க நேர்ந்தது. ஆகவே மகள் இவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும்:

பிள்ளையின் டொக்டரோ, பேறு பார்த்த வைத்தியசாலையோ அனுப்பிய இடமா என்பது முதலாவது. விளம்பரத்தைப் பார்த்துப் போவதைவிட அது பாதுகாப்பு.

அவருக்கு நியூயோர்க் மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? திரை எங்கிருந்து வந்தாலும், நோயாளி இருக்கும் மாநிலத்தின் அனுமதி வேண்டும். மாநிலக் கல்வித் திணைக்களத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம்.

பேறு கண்ட தாய்மாரைப் பார்த்த அனுபவம் உண்டா? பால் கொடுப்பவருக்கு மருந்து எழுதியிருக்கிறாரா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பத்து நிமிடத்தில் மருந்தை எழுதி அனுப்பிவிட்டு, மறுமுறை எப்போது என்று சொல்லாதவரிடம் தொடர வேண்டாம். மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் மீண்டும் பார்ப்பவரே பொறுப்பானவர். இரவில் அவசரமென்றால் யாரை அழைப்பது என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இரகசியத்தைப் பற்றிய பயமும் மகளுக்கு இருக்கும். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவளுடைய அனுமதி இல்லாமல் உம்மாவுக்கோ மாமிக்கோ வைத்தியர் விபரம் சொல்ல முடியாது. 'உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ' என்று பல தாய்மார் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வு என்று சொன்னதற்காகப் பிள்ளையைப் பறிப்பதில்லை. உயிராபத்து என்று கண்டால்தான் பிறருக்கு அறிவிப்பார்கள். அது தாயையும் பிள்ளையையும் காப்பதற்கே.

திரை போதாத இடம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். ஆயிரம் பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில், வேறொரு கடுமையான நோய் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், திடீரென்று. உறக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. கதை மாறி மாறி ஓடும். இல்லாத குரல் கேட்கும். குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வரும். 'இது என் பிள்ளை இல்லை', 'இதற்குள் ஏதோ இருக்கிறது' என்பாள். காலையில் தெளிந்து மாலையில் குழம்புவாள்.

நம் வீடுகளில் உடனே ஜின் என்று முடிவு கட்டுவது இதைத்தான். சகோதரிகளே, இது பேற்றுக்குப் பின் வரும் புத்திபேதலிப்பு நோய். மணித்தியாலக் கணக்கில் முற்றக்கூடியது. தாய் தன்னையும் பிள்ளையையும் மாய்த்துக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு. முறையாக வைத்தியம் செய்தால் பூரண சுகமடைந்து, அதே பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தவர்கள் எத்தனையோ பேர். இதற்குத் திரையும் தாதியும் போதாது. தொலைபேசியில் ஓதி ஊதுவதும் போதாது. அந்த நேரமே வைத்தியசாலை. அங்கே 911, இங்கே 1990 அம்புலன்ஸ். போய்ச் சேரும் வரை தாயைத் தனியே விடாதீர்கள்; பிள்ளையை அவளோடு தனியே விடவும் வேண்டாம்.

இந்த நோய் இல்லாவிட்டாலும், சாவதைப் பற்றி ஒருத்தி பேசினால் அடுத்த கிழமைச் சந்திப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. உம்மா, உங்கள் மகளின் அந்த வசனத்தை மீண்டும் வாசித்தேன். தன்னைவிட நல்ல உம்மா பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதற்குள் இன்னொரு எண்ணம் ஒளிந்திருக்கலாம். நேராகக் கேளுங்கள்: "மகள், உயிரை விட வேணும் என்று தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்டால்தான் அவள் சொல்வாள். 'ஆம்' என்றால் திட்டாதீர்கள், ஹராம் என்று பயம் காட்டாதீர்கள். மருமகனை அப்போதே அழையுங்கள்.

அமெரிக்காவில் தாய்மாருக்கென்று 2022 மே மாதத்தில் ஆரம்பித்த இலவசத் தொலைபேசி உண்டு: 1-833-852-6262. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். உயிரை விடும் எண்ணம் உள்ளவர்களுக்கு 988.

உம்மா செய்ய வேண்டியது

எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து என்ன செய்வது என்று கேட்கலாம். நிறையச் செய்யலாம். வட்ஸ்அப்பில் உங்கள் குரல் என்ன சொல்கிறதோ, அதைப் பொறுத்தே மகள் அந்தச் சந்திப்புக்குப் போவாள் அல்லது இரத்துச் செய்வாள்.

"நாங்களெல்லாம் ஐந்து பெறவில்லையா, எங்களுக்கு இப்படியா வந்தது?" என்று கேட்காதீர்கள். நீங்கள் பெற்றபோது உம்மும்மா பக்கத்தில் இருந்தார். ராத்தா குழந்தையைக் குளிப்பாட்டினார். நாற்பது நாளும் சரக்குக் கறி சமைத்துத் தந்தார்கள். உங்கள் மகளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? நியூயோர்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் போன்ற பகுதிகளில் இலங்கையர் ஏராளமாக வாழ்கிறார்கள். அங்குள்ள சொந்தக்காரரிடம், பள்ளிவாசல் பெண்களிடம் ஒரு வேளைச் சோறு கேட்பதில் வெட்கமில்லை. நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதுமில்லை. பிள்ளை பெற்ற வீடு என்றால் போதும்.

மருமகனிடமும் பேசுங்கள். இரவில் ஒரு நேரப் பாலை அவர் பிழிந்து வைத்ததிலிருந்தோ மாப்பாலாகவோ கொடுத்து, மனைவியை ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து உறங்க விட்டால், அதுவும் மருந்தின் ஒரு பகுதியே. துக்கமுற்ற வீட்டாருக்கு வாற்கோதுமை மாவில் காய்ச்சிய தல்பீனா என்னும் கஞ்சியைக் கொடுக்கும்படி ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்வார்கள். அது உள்ளத்துக்கு இதமளிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் அறிவிப்பார்கள். வருந்தும் உள்ளத்துக்கு உபதேசத்துக்கு முன்னே ஒரு கோப்பை கஞ்சி! நம் பெண்களுக்கு இதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு

இங்கே மருந்து எழுதும் தாதி இல்லை. ஆனால் வழி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனம் நடத்தும் 1926 என்ற இலக்கத்துக்கு இருபத்துநான்கு மணித்தியாலமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 1333 என்ற இலக்கத்திலும் இலவசமாக ஆறுதல் கிடைக்கும். கொழும்பில் 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் கேட்பதற்கென்றே இருக்கிறது. ஊரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் உண்டு, காசு கிடையாது. எல்லாவற்றுக்கும் முன்பாக, பிள்ளை பெற்ற வீட்டைத் தேடி வரும் மிட்வைஃப் இருக்கிறார். குழந்தையின் நிறையை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல், "மகளுக்கு உறக்கமில்லை, அழுதுகொண்டே இருக்கிறா" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் பேறு நடந்திருந்தால், இன்று மாலையே அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் அவளைப் பற்றிக் கேளுங்கள். உறங்கினாயா, உண்டாயா, மனம் எப்படி என்று. பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

எல்லாத் தாய்மாரின் உள்ளங்களிலும் அல்லாஹ் அமைதியை இறக்கி வைப்பானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பார்ப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.